தொற்றுக்காலக் கட்டுப்பாடுகள்: நீட்டிப்பதன் செலவும் பயனும்

1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பம்பாய் நகரைப் பிளேக் நோய் அலைக்கழித்துக்கொண்டிருந்த வேளையில், தொற்றுநோய்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நம் நாட்டுச் சட்டங்களுள் மிகச் சிறியவற்றில் இதுவும் ஒன்று. இயற்றப்பட்டபோது நான்கே பிரிவுகள் கொண்டிருந்தது. நடைமுறையிலுள்ள சட்டங்கள் போதமாட்டா என அரசு கருதினால், தற்காலிகமான ஒழுங்குமுறைகளை விதிக்கலாம் என்று அச்சட்டம் அதிகாரம் அளிக்கிறது. அவற்றை எப்போது, எந்த அளவுகோலைக் கொண்டு விலக்கிக்கொள்வது என்பது பற்றி அதில் எதுவும் கூறப்படவில்லை. "தற்காலிகம்" என்னும் சொல்லோடு சட்டம் நின்றுவிடுகிறது.

2020-ஆம் ஆண்டு ஜனவரி 30-இல் கேரளத்தில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 25 முதல், 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ், நாடெங்கும் 21 நாள் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. அது மே 3 வரையிலும், பின்னர் மே 17 வரையிலும், அதன் பின்னர் மே 31 வரையிலும் நீட்டிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் தளர்வுகள் தொடங்கின. ஆயினும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் நெடுங்காலம் நீடித்தன. வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் விமானப் போக்குவரத்து 2022 மார்ச் 27-இல்தான் மீண்டும் தொடங்கியது. பல மாநிலங்களில் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தன. மத்திய அரசு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் பிறப்பித்திருந்த ஆணைகள் 2022 மார்ச் 31-உடன் முடிவுற்றன.

பொது முடக்கம் தேவையா இல்லையா என்பது பற்றி அன்றே ஏராளமாக எழுதப்பட்டது. விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை மேலும் ஒரு வாரம், மேலும் ஒரு மாதம் வைத்திருப்பது தக்கதா என்ற கேள்வி அந்த அளவு ஆராயப்படவில்லை. பொருளியல் மாணவர்க்கும் நிர்வாகத்தில் உள்ளோர்க்கும் இந்த இரண்டாவது கேள்வியே பயனுடையது என்று கருதுகிறேன். அடுத்த தொற்று வரும்போது முதல் கேள்விக்கு விடை காண அவகாசம் இராது. இரண்டாவது கேள்விக்கு அவகாசம் உண்டு.

விதித்தலும் நீட்டித்தலும்

இறுதிநிலைப் பயன், இறுதிநிலைச் செலவு என்னும் கருத்துகளைப் பொருளியலின் முதல் ஆண்டிலேயே மாணவர் கற்கின்றனர். ஒரு கட்டுப்பாட்டால் இதுவரை எவ்வளவு நன்மை விளைந்தது என்பது, அதை நீட்டிப்பதற்கான சான்று ஆகாது. இனி வரும் ஒரு வாரத்தில் அது எவ்வளவு நோயைத் தடுக்கும், அதே வாரத்தில் எவ்வளவு நட்டத்தை உண்டாக்கும் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இவ்விரண்டும் காலப்போக்கில் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. பயன் பெரும்பாலும் தொடக்கத்தில் மிகுந்தும், பின்னர் குறைந்தும் செல்கிறது. மக்களுள் பலர் நோயுற்றுத் தேறியபின், அல்லது தடுப்பூசி பெற்றபின், அதே கட்டுப்பாடு தடுக்கும் உயிரிழப்பு சிறிதாகிறது. நட்டமோ தொடக்கத்தில் தாங்கத்தக்கதாய் இருந்து, பின்னர் விரைந்து பெருகுகிறது. மூன்று வாரம் வருமானமின்றி ஒரு குடும்பம் சேமிப்பைக் கொண்டு வாழலாம். மூன்று மாதமாயின் கடன் வாங்கும். அதற்கும் மேலாயின் தறியையோ, மாட்டையோ, வண்டியையோ விற்றுவிடும். விற்ற பொருள் கட்டுப்பாடு நீங்கியவுடன் திரும்பி வருவதில்லை.

முதல் வாரங்களின் கணக்கு

2020 மார்ச் மாதத்தில் நோயின் தன்மை தெளிவாக அறியப்படவில்லை. எத்தனை பேர் இறப்பர், காற்றின் வழிப் பரவுமா, சிறுவரைத் தாக்குமா என்பனவற்றுக்கு உறுதியான விடை இல்லை. இத்தகைய நிலையில் காத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. தவறாகத் திறந்துவிட்டு இழந்த உயிரை மீட்க இயலாது. தவறாக மூடிய கடையை மறுவாரம் திறந்துகொள்ளலாம். 2020-21-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை இந்த வாதத்தையே முன்வைத்தது. ஹான்சன், சார்ஜன்ட் ஆகிய பொருளியலறிஞர்களின் ஆய்வை அடியொற்றி, நிச்சயமின்மை மிகுந்த நிலையில் மிக மோசமான விளைவின் இழப்பைக் குறைப்பதே தக்க கொள்கை என்று அது கூறியது. முடக்கத்தால் 37 லட்சம் தொற்றுகள் தவிர்க்கப்பட்டன, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டன என்பதும் அவ்வறிக்கையின் மதிப்பீடாகும்.

அந்த எண்ணிக்கையை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் அந்த வாரங்களில் பெற்ற அவகாசம் வீணாகவில்லை என்பது கண்கூடு. ஆண்டின் தொடக்கத்தில் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றில் மட்டுமே பரிசோதனை நடைபெற்றது. மே மாதம் மூன்றாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் பரிசோதனைகளும், ஆகஸ்டு 21-இல் பத்து லட்சமும் செய்யப்பட்டன. இங்கு நாட்டில் ஏறத்தாழ உற்பத்தியே இல்லாதிருந்த மருத்துவப் பாதுகாப்பு உடைகள் சில வாரங்களுக்குள் நாள்தோறும் லட்சக்கணக்கில் தைக்கப்பட்டன.

அவகாசத்தின் மதிப்பு, அவகாசத்தைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. பரிசோதனைக் கூடங்களும் படுக்கைகளும் ஆக்சிஜனும் பெருகிக்கொண்டிருக்கும் வரையில் ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் பயன் உண்டு. அவ்வேலை நின்றுவிட்டபின், அல்லது முடிந்துவிட்டபின், தாமதம் என்பது நோயைத் தவிர்ப்பதாகாது, தள்ளிப்போடுவதே ஆகும். தடுப்பூசி வரும் என்ற நம்பிக்கை இருந்தவரை தள்ளிப்போடுதலும் உயிர்காப்பதாகவே இருந்தது. 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி இயக்கம் தொடங்கி, அக்டோபர் 21-இல் நூறு கோடித் தவணைகளை எட்டியபின் அந்த வாதமும் வலுவிழந்தது.

நட்டத்தை எங்கே எழுதுவது?

2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முதற் கணக்கீட்டின்படி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவிகிதம் சுருங்கியது. கட்டுமானத் துறை பாதியாகக் குறைந்தது. நகர்ப்புற வேலையின்மை அக்காலாண்டில் ஏறத்தாழ 21 சதவிகிதத்தை எட்டியது. வேளாண்மை மட்டும் 3.4 சதவிகிதம் வளர்ந்தது. அறுவடைப் பணிகளுக்கும் கொள்முதலுக்கும் மார்ச் மாத இறுதியிலேயே விலக்களிக்கப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம். கட்டுப்பாடு என்பது பிரிக்கவொண்ணாத ஒரே பொருள் அன்று என்பதற்கு இது நல்ல சான்று. வயலில் வேலை, சந்தையில் விற்பனை, கோயில் திருவிழா, பள்ளி வகுப்பு, திரையரங்கு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுக்க முடியும்; நிறுக்கவும் வேண்டும்.

இவ்விடத்தில் மாணவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ள வேண்டும். பொருளாதாரச் சரிவு முழுவதையும் கட்டுப்பாட்டின் கணக்கில் எழுதுவது தவறு. அமெரிக்காவில் கைப்பேசித் தரவுகளைக் கொண்டு கூல்ஸ்பீ, சிவர்சன் ஆகியோர் நடத்திய ஆய்வில், கடைகளுக்குச் செல்வோர் எண்ணிக்கை 60 சதவிகித அளவுக்குக் குறைந்ததில், சட்ட ஆணைகளால் நேர்ந்தது 7 சதவிகித அளவே என்று காணப்பட்டது. எஞ்சியது மக்களின் அச்சத்தால் நேர்ந்தது. ஆணை இல்லாவிடினும் பலர் வீட்டிலேயே இருந்திருப்பர். இதே நியாயம் பயனுக்கும் பொருந்தும். அச்சத்தால் தவிர்க்கப்பட்ட தொற்றையெல்லாம் ஆணையின் வெற்றியாகக் காட்டுவதும் பிழையே. நம் நாட்டில் முடக்கம் மிகக் கண்டிப்பாகவும், ஒரே நாளிலும் நடைமுறைக்கு வந்ததால், ஆணையின் பங்கு அமெரிக்காவைவிட மிகுதியாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து.

உற்பத்திப் புள்ளிவிவரத்தில் இடம்பெறாத நட்டங்கள் இவற்றினும் கடுமையானவை. 2019-இல் நாட்டில் அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020-இல் அது 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறைந்ததால் அன்று, நோயாளிகள் மருத்துவமனைக்கு வர இயலாததால் நேர்ந்த குறைவு இது. கண்டறியப்படாத காசநோயாளி சிகிச்சையின்றித் தன் குடும்பத்தாருக்கும் நோயைப் பரப்புகிறார். குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியின் மூன்றாம் தவணை பெற்றோர், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் அப்போது வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 91 சதவிகிதத்திலிருந்து 85 ஆகக் குறைந்தனர். இந்த இழப்புகளும் உயிரிழப்புகளே. கோவிட்டால் நேரும் சாவை உயிராகவும், காசநோயால் நேரும் சாவைச் செலவாகவும் எழுதும் கணக்கு நேர்மையான கணக்கு அன்று.

உயிருக்கு விலை வைப்பதா என்ற கேள்வி இங்கு எழுவது இயல்பு. பிரிட்டனில் புதிய மருந்துகளை அரசுச் செலவில் வழங்கலாமா என்று முடிவு செய்யும் அமைப்பு, நலமுடன் வாழும் ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுன் வரை என்ற வரம்பை நெடுங்காலம் கையாண்டது. அதை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ரூபாயில் அளக்கத் தயங்குவோர், தராசின் இரு தட்டுகளையும் வாழ்நாள் ஆண்டுகளாகவே எழுதிப் பார்க்கலாம். முப்பது வயதுத் தொழிலாளி காசநோயால் இறப்பதும், எழுபது வயது முதியவர் கோவிட்டால் இறப்பதும் ஒரே அலகில் நிற்கும்போது, உயிரா பணமா என்ற வழக்கு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

செலவும் பயனும் ஒருவரையே சேர்வதில்லை என்பது மற்றொரு சிக்கல். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வட்டங்களில் நடத்தப்பட்ட இரத்த ஆய்வில், குடிசைப் பகுதி மக்களுள் 57 சதவிகிதத்தினரிடமும், பிற பகுதி மக்களுள் 16 சதவிகிதத்தினரிடமும் நோய் எதிர்ப்பொருள் காணப்பட்டது. பொதுக் கழிப்பிடத்தையும் பொதுக் குழாயையும் பயன்படுத்துவோர்க்கு வீட்டிலிருத்தல் பெரிய பாதுகாப்பைத் தரவில்லை. அவர்தம் கூலியை மட்டும் நிறுத்தியது. வீட்டிலிருந்தே பணியாற்ற இயன்றவர்க்கு, நானும் அவர்களுள் ஒருவன், சம்பளமும் வந்தது, பாதுகாப்பும் கிடைத்தது. கட்டுப்பாடுகளை நீட்டிக்கும் குறிப்பை எழுதுவோர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவரே என்பதை மறத்தலாகாது.

ஈடுசெய்ய முயற்சிகள் இல்லாமலில்லை. 80 கோடி மக்களுக்குத் தலைக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இலவசமாக வழங்கப்பட்டது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2019-20-இல் 265 கோடி மனித நாட்களாக இருந்த வேலை 2020-21-இல் 389 கோடியாக உயர்ந்தது. மே முதல் தேதியிலிருந்து ஓடிய சிறப்பு ரயில்களில் 63 லட்சம் தொழிலாளர் ஊர் திரும்பினர். மே முதல் தேதிக்கு முன்னர் அவர்களுட் பலர் நடந்தே சென்றதையும் நாம் கண்டோம். கட்டுப்பாட்டின் செலவுக் கணக்கில் ஈட்டுத்தொகையும் ஒரு பகுதி. அதை முன்கூட்டியே ஒதுக்காத ஆணை முழுமையான ஆணை ஆகாது.

ஒரு வாரச்சந்தை

கணக்கிடும் முறையை விளக்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு வட்டத் தலைநகரில் வாரச்சந்தை மூடப்படுகிறது. அதில் 400 வியாபாரிகள். ஒவ்வொருவருக்கும் சந்தை நாளின் நிகர வருமானம் ரூ.1,500. வாரத்துக்கு ரூ.6 லட்சம் இழப்பு. (விளைபொருள் தேங்கி விலை வீழ்வதால் உழவர்க்கு நேரும் இழப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) தொற்று உச்சத்தில் இருக்கும்போது, சந்தையை மூடுவதால் வாரத்துக்கு 200 தொற்றுகள் தவிர்க்கப்படுகின்றன என்றும், 200 நோயாளிகளுள் ஒருவர் இறக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு லட்சம் ரூபாய் இழப்பில் ஓர் உயிர் காக்கப்படுகிறது. மாவட்ட மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்பியிருந்தால் பயன் இன்னும் பெரிது. இடமின்றித் திருப்பி அனுப்பப்படும் பிற நோயாளிகளும் கணக்கில் சேர்வர். சந்தையை மூடுவதில் தயக்கம் காட்ட இடமில்லை.

ஓராண்டு சென்றபின் மக்களுட் பெரும்பாலோர் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டனர். இப்போது தவிர்க்கப்படும் தொற்று வாரத்துக்கு 40. இறப்போர் 2,000-க்கு ஒருவர். ஓர் உயிரைக் காக்கச் சந்தை 50 வாரங்கள் மூடியிருக்க வேண்டும், இழப்பு ரூ.3 கோடி. அதே மூன்று கோடியை அவ்வட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செலவிட்டால் எத்தனை உயிர் காக்கலாம் என்பதே வாய்ப்புச் செலவு. கட்டுப்பாடு மாறவில்லை, அதன் வாசகமும் மாறவில்லை. அது செய்யும் வேலை ஐம்பதில் ஒரு பங்காகிவிட்டது.

விரைந்து விலக்குவதன் அபாயம்

இவ்வாதத்தைக் கொண்டு எல்லாவற்றையும் விரைந்து திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்வதும் தவறாகும். 1918-இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் நவம்பர் மாதத்தில் கட்டுப்பாடுகளை விலக்கி, மீண்டும் ஓர் அலையைச் சந்தித்தது. நம் அனுபவமே இதைவிடக் கசப்பானது. 2021 பிப்ரவரியில் நாள்தோறும் பதிவான தொற்றுகள் பத்தாயிரத்தை ஒட்டிக் குறைந்திருந்தன, நோய் முடிந்துவிட்டது என்ற எண்ணம் பரவியது, பெருங்கூட்டங்கள் கூடின. மே மாத முதல் வாரத்தில் ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட தொற்றுகள் பதிவாயின. ஆக்சிஜனுக்காக மருத்துவமனை வாயில்களில் மக்கள் காத்துநின்ற அந்த வாரங்கள் எவருக்கும் மறவா.

அவ்வாண்டின் உயிரிழப்பை அளப்பதிலும் பெரும் வேறுபாடு உண்டு. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் வழக்கத்தைவிட மிகுதியாக நேர்ந்த இறப்புகள் 47 லட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அம்முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. பதிவாளர் அலுவலகப் புள்ளிவிவரப்படி, நாட்டில் பதிவான மொத்த இறப்புகள் 2019-இல் சுமார் 76 லட்சம், 2020-இல் 81 லட்சம், 2021-இல் 102 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் மேம்பட்டதும் இதில் ஒரு பங்கு. எனினும் ஒரே ஆண்டில் 21 லட்சம் உயர்வைப் பதிவின் மேம்பாட்டால் மட்டும் விளக்க இயலாது என்றே எனக்குத் தோன்றுகிறது. இறப்பைச் சரியாக எண்ணாத நாடு கட்டுப்பாட்டின் பயனையும் சரியாக எண்ண முடியாது.

ஆகவே, நீக்குதல் என்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்குதலன்று. அரங்கினுள் ஆயிரம் பேர் கூடுவதற்கும், திறந்தவெளிப் பூங்காவில் முதியவர் நடப்பதற்கும் ஒரே ஆணை தேவையில்லை. சில ஊர்களில் பூங்காக்கள் பூட்டப்பட்டிருந்தபோதே உணவகங்கள் திறந்திருந்தன. காற்றோட்டமுள்ள வெளியில் தொற்று மிகக் குறைவு என்பது அறியப்பட்ட பின்னரும் இந்நிலை சில இடங்களில் தொடர்ந்தது.

கோப்பில் நிகழ்வது

பயன் குறைந்தபின்னரும் கட்டுப்பாடு நீடிப்பதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அரசு அலுவலகங்களில் பணியாற்றியோர் இதன் இயல்பை அறிவர். ஒரு கட்டுப்பாட்டை விதிக்கும்போது விரிவான குறிப்பு எழுதப்படுகிறது. துறைகளின் கருத்து கேட்கப்படுகிறது. நீட்டிக்கும்போது முந்தைய ஆணையின் எண்ணையும் தேதியையும் சுட்டி, "மறு உத்தரவு வரும்வரை தொடரும்" என்று இரண்டு வரிகள் போதும். விலக்கவேண்டுமாயின் மறுபடியும் விரிவான குறிப்பு தேவை. நீட்டிப்பதே மிக எளிய வேலை.

பொறுப்பின் பங்கீடும் அவ்வாறே. ஓர் அதிகாரி பள்ளியைத் திறக்கப் பரிந்துரைத்து, அங்கு ஒரு குழந்தை நோயுற்றால், மறுநாள் நாளிதழில் செய்தி வரும். அவர் கையொப்பமிட்ட பக்கம் தேடி எடுக்கப்படும். அவர் மேலும் ஆறு மாதம் மூடிவைத்து, அம்மாவட்டத்தில் ஐம்பதாயிரம் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதை மறந்தால், எந்தக் கோப்பும் திறக்கப்படாது. அன்றாடத் தொற்று எண்ணிக்கை மாலைதோறும் வெளியாயிற்று. படிக்க மறந்த குழந்தைகளின் எண்ணிக்கை மாலைதோறும் வெளியாகவில்லை. இந்நிலையில் அதிகாரிகளைக் கோழைகள் எனக் குறை கூறுவதில் பயனில்லை. கணக்கின் ஒரு பக்கம் மட்டுமே அவர் மேசைக்கு வந்தது.

இதற்கு நடைமுறையில் ஒரு மாற்று உண்டு. ஒவ்வொரு ஆணைக்கும் முடிவுத் தேதி இருத்தல் வேண்டும். அத்தேதிக்குப் பின் தொடர வேண்டுமாயின் விதித்தபோது எழுதிய அளவுக்கு விரிவான குறிப்பு மீண்டும் எழுதப்படல் வேண்டும். அக்குறிப்பில் சுகாதாரத் துறை மட்டுமன்றி, கல்வி, தொழிலாளர், உணவுத் துறைகளும் தத்தம் பக்கத்துப் புள்ளிவிவரத்தைத் தரவேண்டும். சுமையை நீட்டிக்கக் கோருவோர் சுமக்க வேண்டும்.

கட்டாயத்தின் செலவையும் அக்குறிப்பு கருதவேண்டும். 1897-இல் புனே நகரில் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடிய முறை மக்களை நோயை மறைக்கவே தூண்டியது. பிளேக் அதிகாரி ராண்ட் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சுடப்பட்டதில் அக்கசப்பு முடிந்தது. நம்பிக்கை குறைந்த இடத்தில் நோய்ப் புள்ளிவிவரமும் கிடைப்பதில்லை.

பள்ளிகள்

இக்கட்டுரையில் கூறிய யாவும் ஒன்றுசேர்ந்து வெளிப்படும் துறை பள்ளிக் கல்வியே. 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. அது அப்போது தக்க முடிவு. முன்னிருந்த சளிக்காய்ச்சல் தொற்றுகளில் சிறுவரே நோயை வெகுவாகப் பரப்பினர். ஆனால் இந்நோய் சிறுவரைக் கடுமையாகத் தாக்குவது அரிது என்பது சில மாதங்களில் தெளிவாயிற்று. சுவீடன் அவ்வாண்டு வசந்த காலத்தில் சிறுவர் பள்ளிகளை மூடவே இல்லை. டென்மார்க் ஏப்ரல் நடுவில், முதலில் இளஞ்சிறார் வகுப்புகளையே திறந்தது.

நம் நாட்டில் 2021 ஜூன்–ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய நான்காவது தேசிய இரத்த ஆய்வு கருதத்தக்கது. பள்ளிகள் பூட்டிக் கிடந்த நிலையிலேயே, 6 முதல் 9 வயதுச் சிறுவருள் 57 சதவிகிதத்தினரும், 10 முதல் 17 வயதினருள் ஏறத்தாழ 62 சதவிகிதத்தினரும் எதிர்ப்பொருள் பெற்றிருந்தனர். அவர்களுக்குத் தடுப்பூசி இன்னும் தொடங்கப்படவில்லை. ஆகவே அவ்வளவு பேரும் நோய்த்தொற்றுக்கு ஆளாகித் தேறியவர்களே. பள்ளி மூடல் தடுக்க எண்ணியது, வீட்டின் வழியாகவும் தெருவின் வழியாகவும் பெரும்பாலும் நிகழ்ந்து முடிந்துவிட்டது. அவ்வாய்வு முடிவுகளை வெளியிட்டபோது, திறப்பதாயின் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று கவுன்சில் யோசனை கூறியது. ஆசிரியர்களும் பிற பணியாளர்களும் தடுப்பூசி பெறவேண்டும் என்பது நிபந்தனை. பல மாநிலங்களில் நடந்தது இதற்கு நேர்மாறானது. தில்லியிலும் தமிழ்நாட்டிலும் செப்டம்பர் முதல் தேதி ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறக்கப்பட்டன. தொடக்க வகுப்புகள் நவம்பர் முதல் தேதி வரை காத்திருந்தன. பொதுத்தேர்வு மேல்வகுப்புகளுக்கு உண்டு, முதல் வகுப்புக்கு இல்லை என்பதைத் தவிர இதற்கு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியின் வழியாக ஓரளவேனும் கற்க இயன்றவர் மூத்த மாணவரே. எழுத்தறியாத ஆறு வயதுக் குழந்தைக்கு அது இயலாது.

நட்டத்தின் அளவை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாதா? ஓரளவு முடியும். 2005 அக்டோபரில் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீர்ப் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தால் அங்குப் பள்ளிகள் சராசரியாகப் பதினான்கு வாரங்கள் இயங்கவில்லை. நான்காண்டுகள் கழித்து ஆந்திராபி, டேனியல்ஸ், தாஸ் ஆகியோர் ஆராய்ந்தபோது, வீடுகளும் குடும்ப வருமானமும் மீண்டிருந்தன. குழந்தைகளோ கல்வியில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தனர். இழந்தது பதினான்கு வாரம். பின்தங்கியது ஒன்றரை ஆண்டு. பள்ளி திறந்தபோது பாடம் தன் வழக்கமான இடத்திலிருந்து தொடர்ந்தது. குழந்தை அந்த இடத்தில் இல்லை. நாள்தோறும் அந்த இடைவெளி அகன்றது என்பதே இதற்கு ஏற்ற விளக்கமாகும்.

நம் நாட்டில் கிராமப்புறக் குழந்தைகளின் கற்றலை அளக்கும் அசர் அறிக்கையின்படி, மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 2018-இல் 27.3 சதவிகிதம், 2022-இல் 20.5 சதவிகிதம். ஐந்தாம் வகுப்பில் இது 50.5-இலிருந்து 42.8 ஆகக் குறைந்தது. இவற்றுடன் பகல் உணவையும் எண்ணிப் பார்க்க வேண்டும், சுமார் 11.8 கோடிக் குழந்தைகள் அப்போது அத்திட்டத்தின்கீழ் வந்தோர். உலர் தானியமும் படித்தொகையும் மாற்றாக வழங்கப்பட்டன என்றாலும், வீட்டுக்குச் செல்லும் அரிசி வீட்டார் அனைவருக்கும் பங்காகிறது. பள்ளியில் இட்ட சோறு குழந்தையின் வயிற்றுக்கே செல்லும்.

2024-ஆம் ஆண்டின் அசர் அறிக்கையில் மூன்றாம் வகுப்பின் வாசிப்பு 27.1 சதவிகிதமாக உயர்ந்து, ஏறத்தாழப் பழைய நிலையை எட்டியிருக்கிறது. இதைக் கண்டு இழப்பு ஈடாகிவிட்டது என்று கூறுவோர் உளர். அடிப்படை எழுத்தறிவுக்கு அண்மைக் காலத்தில் அளிக்கப்பட்ட முதன்மை இதற்கு உதவியது உண்மையே. ஆனால் 2024-இல் மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, பள்ளிகள் திறந்தபின் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை. முடக்கக் காலத்தில் அதற்கு மூன்று அல்லது நான்கு வயது. 2020-இல் முதல் மூன்று வகுப்புகளில் இருந்தோர் அக்கணக்கில் இல்லை. தேர்ச்சி பெற்றோ பெறாமலோ அவர்கள் ஆண்டுதோறும் மேல்வகுப்புக்கு ஏற்றப்பட்டு, 2024-இல் ஐந்தாம், ஆறாம், ஏழாம் வகுப்புகளில் அமர்ந்திருந்தனர். பின்னங்களையும் அறிவியலையும் கற்பிக்கும் அவ்வகுப்புகளின் கால அட்டவணையில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு நேரம் ஒதுக்கப்படுவது அரிது.